இ-பாஸ் யார் போட்ட உத்தரவு?

ஊட்டிக்கு ஏறும் வழியில் பர்லியாறு செக்போஸ்ட்டில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி "இ-பாஸ் இருக்கா?" என்று கேட்பது இப்போது எல்லாருக்கும் பழகிவிட்டது. ஆனால் 2020இல் கேட்ட இ-பாஸும் 2024 மே 7 முதல் கேட்கிற இ-பாஸும் ஒன்றல்ல. முதலாவது, கொரோனா பரவாமல் தடுக்க அரசு போட்ட உத்தரவு. இரண்டாவதுக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை. மலை தாங்குவதற்கு மேல் வண்டிகள் ஏறுகின்றன என்று சென்னை உயர் நீதிமன்றம் போட்டது. 2025 ஏப்ரலில் அதற்கு எண்ணிக்கையும் வந்தது: நீலகிரிக்கு வாரநாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000.

கேட் அதேதான், கேள்வியும் அதேதான். பின்னால் இருக்கிற சட்டம் மட்டும் வேறு. அந்தச் சட்டம் எது என்பதைப் பொறுத்தே உங்களை எதுவரை தடுக்கலாம், தடுத்தால் யாரிடம் முறையிடலாம் என்பது மாறும். நோய்க்காலத்தில் அரசுக்கு எவ்வளவு அதிகாரம், நமக்கு எவ்வளவு சுதந்திரம் என்ற பெரிய கேள்வியை இந்தச் சின்ன இடத்திலிருந்து பிடித்தால் புரிந்துகொள்வது எளிது.

மலைவாசிகள் இதை மற்றவர்களைவிடக் கூர்ந்து பார்க்கக் காரணமும் உண்டு. கோவைக்குள் நுழைய எத்தனையோ வழி. ஊட்டிக்குச் சமவெளித் தமிழ்நாட்டிலிருந்து ஏற குன்னூர் மலைப்பாதை, கோத்தகிரி மலைப்பாதை, காரமடையிலிருந்து முள்ளி வழியாக மஞ்சூர் வருகிற பாதை, அவ்வளவுதான். பர்லியாற்றிலும் குஞ்சப்பணையிலும் ஒரு கம்பத்தை இறக்கினால் மாவட்டத்தின் பெரிய வாசல்கள் மூடிவிடும். மூடுவது இவ்வளவு சுலபம் என்பதால் மூடும் ஆசையும் சீக்கிரம் வரும். உள்ளே இருப்பவர்களோ காரட், உருளைக்கிழங்கு விற்க மேட்டுப்பாளையம் மண்டியையும், பெரிய சிகிச்சைக்குக் கோவையையும், பந்தலூர்ப் பக்கம் என்றால் வயநாட்டையும் நம்பி இருக்கிறவர்கள்.

ஊரடங்கு என்பது அவசரநிலை அல்ல

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். "ஊரடங்கு போட்டாச்சு, இப்ப உரிமையெல்லாம் பேச முடியாது" என்று படித்தவர்களே சொன்னார்கள். அது சரியல்ல. அரசியலமைப்பின் 352ஆவது பிரிவின்படி அவசரநிலை கொண்டுவர மூன்றே காரணம்: போர், அயலார் ஆக்கிரமிப்பு, ஆயுதக் கிளர்ச்சி. அந்தப் பட்டியலில் நோய் கிடையாது. நாட்டில் கொரோனாவுக்காக அவசரநிலை அறிவிக்கப்படவும் இல்லை. அப்படியே அறிவித்தாலும், 1978இல் வந்த 44ஆவது திருத்தத்துக்குப் பிறகு 21ஆவது பிரிவு தருகிற உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்குமான உரிமையை முடக்க முடியாது.

மதுரையிலிருந்து போன ஒரு ஜாமீன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜூன் 19 அன்று இதை நேராகவே சொன்னது: ஊரடங்கை அவசரநிலைப் பிரகடனத்தோடு ஒப்பிட முடியாது, போலீஸ் குறித்த காலத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் கைதிக்குக் கிடைக்க வேண்டிய ஜாமீன், ஊரடங்கைக் காரணம் காட்டிப் பறிபோகாது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று குஜராத் வழக்கொன்றில், கொரோனாவைச் சாக்கிட்டுத் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலையைக் கொண்டுவந்து கூடுதல் நேரச் சம்பளத்தையும் குறைத்த அரசாணையை ரத்து செய்தது. தேயிலை ஃபேக்டரியில் ஷிப்ட் பார்க்கிறவர்கள் இந்தத் தீர்ப்பை மறக்க வேண்டாம்.

அதற்காக எல்லா உரிமையும் முழுசாக இருக்கும் என்றும் இல்லை. நாடு முழுவதும் போக வர உள்ள உரிமை 19ஆவது பிரிவில் இருக்கிறது. பொதுமக்கள் நலனுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்பதும் அதே பிரிவிலேயே இருக்கிறது. மத உரிமை தரும் 25ஆவது பிரிவு தொடங்கும்போதே பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் இவற்றுக்கு உட்பட்டு என்றுதான் தொடங்குகிறது. நீலகிரியின் படுகர் மக்கள் வாழும் ஹட்டியில் (ஊரில்) ஒரு சாவு என்றால் சுற்றுப்பட்ட ஊரெல்லாம் திரளும் வழக்கம். 2020இல் இறுதிச் சடங்குக்கு 20 பேர், கல்யாணத்துக்கு 50 பேர் என்று வரம்பு வந்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும், சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது.

ஆக, "கட்டுப்பாடு போடலாமா" என்பதில் பெரிய சிக்கல் இல்லை. எந்தச் சட்டப்படி, எவ்வளவு, எத்தனை நாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எந்தச் சட்டம்

பழையது 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம். 1896இல் பம்பாயில் பிளேக் வந்தபோது வெள்ளைக்கார அரசு அவசரமாகப் போட்டது. மொத்தமே நாலு பிரிவுதான். இருக்கிற சட்டம் போதாது என்று மாநில அரசு கருதினால், பொது அறிவிப்பு மூலம் தற்காலிக விதிகள் போடலாம், பயணிகளைச் சோதிக்கலாம், நோய் இருப்பதாகச் சந்தேகப்படுபவரைத் தனிமைப்படுத்தலாம். எது ஆபத்தான தொற்றுநோய் என்ற விளக்கமும், எத்தனை நாளைக்கு என்ற வரம்பும் அதில் கிடையாது. அரசு என்ன செய்யலாம் என்று இருக்கிறதே தவிர, மக்களுக்கு என்ன செய்தாக வேண்டும் என்று ஒரு வரி இல்லை. அந்தச் சட்டம் வந்த அதே ஆண்டு பூனாவில் வீடு வீடாகப் புகுந்து நடந்த பிளேக் சோதனையின் கெடுபிடி, பிளேக் அதிகாரி ராண்ட் ஜூன் 22 அன்று சுடப்படுவதில் போய் முடிந்தது. நோயைவிடச் சோதனைக்கு மக்கள் அதிகம் பயந்தால் நோயை ஒளித்து வைப்பார்கள். சுகாதாரத் துறையில் வேலை பார்த்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். 2020இல் இந்தச் சட்டத்தில் நடந்த திருத்தம், மருத்துவப் பணியாளர்களைத் தாக்குபவர்களுக்கு 3 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்றது. பலத்த காயம் என்றால் 7 ஆண்டு வரை போகும்.

கொரோனா காலத்தில் உண்மையில் வேலை செய்தது 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். இதன்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் கலெக்டர். பாதிக்கப்பட்ட பகுதிக்குள் வண்டிகள் வருவதையும் போவதையும், ஆட்கள் நுழைவதையும் நடமாடுவதையும் வெளியேறுவதையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் 34ஆவது பிரிவில் இருக்கிறது. நம்ம ஊர் இ-பாஸின் வேர் இந்தச் சட்டம்தான். 2020 செப்டம்பர் 1 முதல் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டாம் என்று அரசு தளர்த்தியபோதும் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு மூன்றுக்கும் மட்டும் தொடர்ந்தது.

மூன்றாவது, எல்லாருக்கும் வாயில் வருகிற 144, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆவது பிரிவு. ஜனங்கள் இன்னும் கொஞ்ச நாளைக்கு 144 என்றுதான் சொல்வார்கள். மாவட்ட மாஜிஸ்திரேட் போடும் இந்த உத்தரவின் ஆயுள் 2 மாதம். அதற்கு மேல் நீட்ட மாநில அரசுதான் முடியும், அதுவும் இன்னும் 6 மாதம் வரை. நாலாவது, 1939இல் சென்னை மாகாணத்தில் போட்ட பொதுச் சுகாதாரச் சட்டம். முகக்கவசம் போடாததற்கு 200 ரூபாய், எச்சில் துப்பியதற்கு 500 ரூபாய் என்று 2020இல் வாங்கிய அபராதம் இதன்கீழ் வந்தது.

உத்தரவைப் படிக்கத் தெரிய வேண்டும்

"கலெக்டர் சொல்லிட்டாரு" என்பது உத்தரவு ஆகாது. செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம் அனுப்பும் பத்திரிகைச் செய்தியும் உத்தரவு ஆகாது. அது உத்தரவைப் பற்றிய சேதி. வாட்ஸ்அப்பில் வருகிற மஞ்சள் நிற எழுத்துப் படத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உண்மையான உத்தரவின் தலையில் "மாவட்ட ஆட்சித் தலைவரின் செயல்முறைகள்" என்று இருக்கும். கீழே ந.க. எண் (கோப்பு எண்), நாள். அடுத்து "பொருள்", அதற்குக் கீழே "பார்வை". பலரும் தாண்டிப்போகும் இந்தப் "பார்வை"தான் முக்கியம். எந்த அரசாணையை, எந்தக் கடிதத்தை ஆதாரமாக வைத்து உத்தரவு போடப்பட்டது என்பது அங்கே இருக்கும். அரசாணை என்றால் அ.ஆ. எண்ணும் துறையின் பெயரும் இருக்கும்; ஊரடங்கு ஆணைகள் பெரும்பாலும் வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறையிலிருந்து வந்தவை.

பிறகு நாலு விஷயம் தேடுங்கள்: எந்தச் சட்டப் பிரிவு, எந்த இடம், எந்தத் தேதி வரை, யாருக்கு விலக்கு. விலக்குப் பட்டியலைப் படிக்காமல் செக்போஸ்ட்டில் சண்டை போடுவது வீண். 2020 இ-பாஸில் மருத்துவ அவசரம், இறப்பு, திருமணம் எல்லாம் தனித்தனி இனங்களாக இருந்தன. ஏப்ரல் 20 முதல் தேயிலைத் தோட்டங்களுக்கு 50 சதவீத ஆட்களோடு வேலை செய்ய மத்திய அரசே அனுமதித்தது. கொழுந்து காத்திருக்காது, ஒரு சுற்று தவறினால் முற்றி, ஃபேக்டரியில் எடுக்க மாட்டார்கள். அந்த ஒரு வரி விலக்கை அச்செடுத்து வைத்திருந்தவருக்கும் வாய்வார்த்தையாகச் சொன்னவருக்கும் கேட்டில் கிடைத்த மரியாதை வேறு வேறு.

அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது இங்கே பொருந்தும்: 144 உத்தரவில் காரணம் இருக்க வேண்டும், மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும், தேவைக்கு மிஞ்சக் கூடாது. அது காஷ்மீர் இணைய முடக்கம் பற்றிய வழக்கு. விதி எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

தேவைக்கு மிஞ்சியதா என்று எப்படிப் பார்ப்பது

தனியுரிமை பற்றிய 2017 புட்டசாமி தீர்ப்பிலிருந்து நீதிமன்றங்கள் பயன்படுத்தும் உரைகல் இருக்கிறது. சட்டம் இருக்கிறதா? நோக்கம் முறையானதா? அந்த நோக்கத்துக்கு இந்த நடவடிக்கை உண்மையிலேயே உதவுமா? இதைவிட லேசான வழி இல்லையா? கிடைக்கும் பலனுக்கு ஏற்ற அளவுதானா? இதை ஏட்டில் படித்தால் விளங்காது. ஊட்டியிலேயே ஒரு நல்ல உதாரணம் கிடக்கிறது.

2021 செப்டம்பரில் நீலகிரி மாவட்ட நிர்வாகம், தடுப்பூசி போட்ட சான்றைக் காட்டினால்தான் டாஸ்மாக் கடையில் சரக்கு என்று அறிவித்தது. நாடே சிரித்துக்கொண்டே பேசிய செய்தி. உரைகல்லில் உரசிப் பார்ப்போம். நோக்கம் நல்லது, சந்தேகமில்லை. உதவுமா? ஊசி போடாமல் அடம் பிடித்தவர்களில் ஒரு பகுதி குடிப்பழக்கம் உள்ளவர்கள் என்றால் உதவும். அவர்களை மட்டும் குறிவைத்த நடவடிக்கை என்பதால் ஊரையே முடக்குவதைவிட லேசானதும்கூட. மது விற்பனையும் நுகர்வும் அடிப்படை உரிமை என்று நீதிமன்றங்கள் ஒத்துக்கொண்டதில்லை. எங்கள் கணிப்பில் இது தப்பிப் பிழைக்கக்கூடிய உத்தரவு.

அதே சான்றை ரேஷன் கடையில் கேட்டால்? கதையே வேறு. அரிசி 21ஆவது பிரிவோடு சேர்ந்தது. ஊசி போடாதவர் பட்டினி கிடக்கட்டும் என்று எந்த உரைகல்லும் சொல்லாது. தினக்கூலிக்குப் போக பஸ் ஏறுவதற்குக் கேட்டால் அதுவும் சந்தேகம்தான். 2021 ஜூனிலேயே மேகாலயா உயர் நீதிமன்றம் பிழைப்பைப் பறித்து ஊசி போடவைப்பது செல்லாது என்றது. 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம், யாரையும் வலுக்கட்டாயமாக ஊசி போடவைக்க முடியாது, உடல் மீதான உரிமை 21ஆவது பிரிவில் வருகிறது என்றது. கூடவே, உரைகல்லில் தேறினால் ஊசி போடாதவர்கள்மீது சில கட்டுப்பாடுகள் வைக்கலாம் என்றும் சொன்னது. அன்றைக்கு இருந்த தரவுகளை வைத்துப் பார்த்தால் அப்படிப்பட்ட கட்டுப்பாடுகள் தேறவில்லை என்பதும் அதே தீர்ப்பு. இரண்டு பக்கத்தாரும் பாதித் தீர்ப்பை மட்டும் மேற்கோள் காட்டுவது வழக்கமாகிவிட்டது.

கட்டாயம் இல்லாமலும் காரியம் நடக்கும் என்பதற்கும் இந்த மலையே சாட்சி. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஊர்களுக்கு நேரில் போய்ப் பேசிப் போட்ட தடுப்பூசி முகாம்களால், 2021 ஜூன் முடிவதற்குள் மாவட்டத்தில் தகுதியுள்ள பழங்குடிப் பெரியவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

லயன் வீட்டில் தனிமை

எஸ்டேட் லயன் என்பது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு. அதில் பத்து வீடு ஒரே வரிசை, ஒரே தகரக் கூரை, வாசலுக்கு முன் ஒரு பைப்பு, கடைசியில் பொதுக் கழிப்பறை. மூன்றாவது வீட்டில் ஒருவருக்குத் தொற்று. வரிசையின் இரு முனையிலும் தகரம் அடித்துவிட்டால் மீதி ஒன்பது வீடும் உள்ளே. பைப்பு ஒரு பக்கம் வெளியே மாட்டிக்கொண்டால் அன்றைக்கே ஆள் தகரத்தைத் தாண்டுவார். மீறல் என்று வழக்குப் போடுவதில் பயனில்லை. திட்டத்தில் தண்ணீர் இல்லை, அதுதான் கோளாறு. ஒருவரைத் தனிமைப்படுத்தும்போது அவருடைய தண்ணீர், சாப்பாடு, மருந்து, கழிப்பறை, நாள்கூலி இழப்பு இதையெல்லாம் அரசு ஏற்காவிட்டால் அந்த உத்தரவு நாலு நாள் தாங்காது. பொதுச் சுகாதாரச் சட்டம், பல குடும்பங்கள் சேர்ந்து குடியிருக்கும் இடத்தில் உள்ள நோயாளியை மருத்துவமனைக்கு மாற்ற சுகாதார அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. லயனுக்குத் தகரத்தைவிட அதுவே பொருத்தமான வழி.

வாசலில் ஒட்டும் ஸ்டிக்கர் வேறு விவகாரம். உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 9 அன்று, பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உரிய அதிகாரி குறிப்பாக உத்தரவிட்டால் தவிர நோயாளியின் வீட்டில் போஸ்டர் ஒட்டக் கூடாது என்றது. ஸ்டிக்கர் கிழிந்த பிறகும் அந்த வீட்டுப் பிள்ளைக்கு யாரும் பால் ஊற்ற வராத கதை பல ஊரில் நடந்தது.

கேரள எல்லையில் நாடுகாணியில் காய்ச்சல் பார்ப்பது இதற்கு நேர் எதிர் உதாரணம். மலப்புறத்திலோ கோழிக்கோட்டிலோ நிபா வைரஸ் என்றால் நாடுகாணி, தாளூர், சோலாடி செக்போஸ்ட்டுகளில் உடல் வெப்பம் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். 2023இலும் 2024இலும் பார்த்தோம். நிபாவில் இறப்பு 40 முதல் 75 சதவீதம் வரை போகும். தொற்றி அறிகுறி தெரியப் பெரும்பாலும் 4 முதல் 14 நாள். நோயாளியோடு நேரடித் தொடர்பில் இருந்தவரை 21 நாள் தனியே இருக்கச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கேரள பஸ்ஸையே நிறுத்துவதில் இல்லை; பந்தலூரில் பிரசவ வலி எடுத்தவர் சுல்தான் பத்தேரிக்குத்தான் ஓட வேண்டும். 2020இல் கர்நாடகம் காசர்கோடு சாலைகளில் மண்ணைக் கொட்டி மறித்தபோது, சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு வழி திறக்க வேண்டும் என்றுதான் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

லாட்ஜ், காட்டேஜ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தனிமைப்படுத்தும் மையத்துக்காக உங்கள் கட்டடத்தை எடுக்கலாம், வண்டியையும் எடுக்கலாம். பேரிடர் சட்டத்தின் 65ஆவது பிரிவுப்படி அதற்கு எழுத்துப்பூர்வ உத்தரவு வேண்டும். 66ஆவது பிரிவுப்படி அந்தப் பகுதியின் வாடகை நிலவரத்தை வைத்து இழப்பீடு உண்டு. தொகை போதாது என்றால் 30 நாளுக்குள் நடுவருக்கு அனுப்பக் கேட்கலாம். வாய்மொழியாகச் சாவியைக் கொடுத்துவிட்டால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. கொடுக்கும் அன்றே கட்டில், மெத்தை, கீசர் எண்ணிக்கையோடு ஒரு பட்டியல் எழுதி, பொறுப்பேற்கும் அலுவலரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

மீறினால் என்ன, தடுத்தால் என்ன

பேரிடர் சட்டத்தின் 51ஆவது பிரிவு 1 ஆண்டு வரை சிறை என்கிறது. உயிர்ச்சேதமோ உடனடி ஆபத்தோ நேர்ந்தால் 2 ஆண்டு. ஆனால் அதில் "நியாயமான காரணமின்றி" என்ற சொற்கள் உண்டு. ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அங்கேதான் நிற்க முடியும். மருந்துச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அரசு அதிகாரியின் உத்தரவை மீறுவதற்கான இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 188, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 223. ஜாமீனில் விடக்கூடிய குற்றம் அது. உத்தரவு போட்ட அதிகாரியோ அவருடைய மேலதிகாரியோ எழுத்தில் புகார் கொடுத்தால் மட்டுமே நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கும். கொரோனா காலத்தில் தமிழ்நாட்டில் இப்படிப் போட்ட வழக்குகளில் சுமார் 10 லட்சத்தைக் கைவிடுவதாக அரசே 2021 பிப்ரவரியில் அறிவித்தது. போட்டதில் எவ்வளவு தேவையானவை என்று அதிலேயே தெரிகிறது.

லத்தியால் அடிப்பதும், தோப்புக்கரணம் போடச் சொல்வதும் எந்தச் சட்டத்திலும் தண்டனை இல்லை. கடையை நேரம் தாண்டித் திறந்து வைத்ததாகச் சொல்லித் தொடங்கிய ஒரு விவகாரம்தான் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தகப்பனும் மகனும் காவலில் செத்துப்போவதில் முடிந்தது.

வண்டியைப் பிடித்தால் ரசீது கேளுங்கள். தராவிட்டால் இடம், நேரம், நிலையத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு நீதித்துறை நடுவரிடம் மனுப் போடலாம். 163 உத்தரவால் பாதிப்பு என்றால் அதை மாற்றவோ நீக்கவோ சொல்லி, போட்ட மாஜிஸ்திரேட்டிடமே மனுக் கொடுக்கலாம். அவர் உங்களைக் கேட்டாக வேண்டும், நிராகரித்தால் காரணத்தை எழுதியாக வேண்டும். இந்த வழியை யாரும் பயன்படுத்துவதே இல்லை. உத்தரவின் நகல் கிடைக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். சாதாரணமாக 30 நாள். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும். மனுவின் முதல் வரியிலேயே அதைக் காரணத்தோடு எழுதுங்கள், இல்லாவிட்டால் மற்ற மனுக்களின் கட்டுக்குள் போய்விடும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. சட்ட உதவிக்கு 15100.

இதிலெல்லாம் ஆகாவிட்டால் அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றம். நீலகிரிக்காரர் சென்னைக்குப் போக வேண்டும். கொடைக்கானல்காரருக்கு மதுரைக் கிளை.